சூரைச்செடியின் கீழே

கேள்வி: வேலை போய்விட்டது, பேசி முடித்த திருமணமும் நின்றுவிட்டது. ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தையே வரவில்லை. எந்தப் பக்கம் போவது, ஐயா?
— வாசகர், நாகர்கோவில்

பதில்: தம்பி, நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறீர்களா? அதைத்தான் முதலில் கேட்பேன். வேதாகமத்தில் 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். கொல்லத் தேடிய ராணி யேசபேலுக்குப் பயந்து ஓடிய எலியா தீர்க்கதரிசி, வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, போதும், உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறான். வந்த தேவதூதன் அவனைக் கண்டிக்கவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. சாப்பிட்டான், படுத்தான், தூதன் மறுபடியும் தட்டியெழுப்பிச் சாப்பிடச் சொன்னான். தேவனுடைய மலையாகிய ஓரேபுக்கு 40 நாள் நடந்தது அதற்குப் பிறகுதான்! அங்கேயும் கர்த்தர் அவனுடைய மிச்ச வாழ்நாளை விரித்துக் காட்டவில்லை. தமஸ்குவின் வழியாய்த் திரும்பிப் போய் மூன்று பேரை அபிஷேகம்பண்ணச் சொன்னார். அவர்களில் எலிசா அவனுக்குத் துணையாகவே வந்தான். எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

வார்த்தை வராத நாளில் 13-ஆம் சங்கீதத்தை உரக்க வாசியுங்கள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போதகரிடம் மனம்விட்டுப் பேசுங்கள். எலியாவைப்போல உங்களுக்கும் சாகத் தோன்றினால் ஞாயிறுவரை காத்திருக்க வேண்டாம். உடனே வீட்டில் சொல்லுங்கள், தமிழ்நாடு அரசின் உதவி எண்ணான 104-ஐ அழையுங்கள்.