காமிக்ஸ் மட்டுமே படிக்கும் பிள்ளைக்குச் சொல்வளம் வருமா?

எட்டு வயது மகன் காமிக்ஸைத் தவிர எதையும் தொடுவதில்லை, அதனால் மொழிக்கோ பாடத்துக்கோ பயன் உண்டா, இல்லை பிடுங்கி வைத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பிடுங்காதீர்கள். 1988இல் ஹேய்ஸ், ஆரன்ஸ் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஆயிரம் சொல்லுக்கு எத்தனை அரிய சொற்கள் வருகின்றன என்று கணக்கெடுத்தார்கள். பட்டதாரிகளின் பேச்சில் சுமார் 17. சிறுவர் புத்தகங்களில் 31. காமிக்ஸில் 53! ஆங்கிலக் கணக்குதான். ஆனால் முத்து காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்கள் இதைக் கேட்டு ஆச்சரியப்பட மாட்டார்கள். 1960இலிருந்து தினத்தந்தியில் வரும் கன்னித்தீவைப் பார்த்தே எழுத்துக்கூட்டப் பழகியவர்கள் நம் ஊர் டீக்கடைகளில் எத்தனையோ பேர்.

தமிழில் இது இன்னும் முக்கியம். வீட்டில் பேசுவது ஒன்று, புத்தகத்தில் இருப்பது வேறொன்று. 'வந்துட்டாங்க' என்று பேசும் பிள்ளை 'வந்துவிட்டார்கள்' என்பதைப் பாடப்புத்தகத்தில்தான் முதன்முதலாகப் பார்க்கிறது என்றால், பாதி கவனம் அதற்கே போய்விடும். பரீட்சையில் விடை தெரிந்தும் எழுத வாக்கியம் வராமல் விழிக்கிற பிள்ளைகள் பலர் இப்படித்தான். கணக்கும் விதிவிலக்கல்ல. வகுத்தல் நன்றாகவே தெரியும், 'சமமாகப் பங்கிட்டது போக எஞ்சியவை எத்தனை' என்று கேட்டால் 'எஞ்சியவை'யில் தடுக்கி நிற்கும்.

என் எழுத்துத் தமிழுக்கு அம்புலிமாமாதான் அஸ்திவாரம். அத்தை வீட்டில் பழைய இதழ்களைத் தைத்து வைத்திருந்தார்கள். வேதாளக் கதை மாதாமாதம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தொடங்கும்: மனம் தளராத விக்கிரமன், மரம், தோளில் பிணம், மயானத்தை நோக்கி நடை. 'தளராத', 'மயானம்' எல்லாம் யாரும் சொல்லித் தந்ததில்லை. அகராதி என்ற ஒன்று இருப்பதே அப்போது தெரியாது. திரும்பத் திரும்ப வந்ததில் தானாகப் பிடிபட்டது.

அப்படித்தான் பிடிபடும் போலிருக்கிறது. நேகி என்பவரும் சகாக்களும் 1987இல் வெளியிட்ட ஆய்வின்படி, சாதாரணமாகப் படித்துக்கொண்டு போகும்போது ஒருமுறை எதிர்ப்படும் புதுச்சொல் மனதில் பதியும் வாய்ப்பு இருபதில் ஒன்றுதான். ஆகவே என்ன படிக்கிறான் என்பதைவிட எவ்வளவு படிக்கிறான் என்று பாருங்கள். ஒரே கதாநாயகனின் கதைகளையே சுற்றிச்சுற்றிப் படித்தாலும் நல்லதுதான், அதே சொற்கள் திரும்ப வரும்.

காமிக்ஸில் குறையே இல்லையா என்றால், உண்டு. காட்டை, மழையை, முகபாவத்தை எல்லாம் படமே சொல்லிவிடும். பேச்சுக் குமிழிக்குள் நீண்ட வாக்கியத்துக்கு இடமில்லை. காரணம், விளைவு, 'ஆயினும்', 'எனவே' என்று வளைந்து போகும் வாக்கியங்களுக்கு உரைநடைதான் வேண்டும். பாடப்புத்தகம் நிறைய இருப்பது அந்த மாதிரி வாக்கியங்கள்தான்.

அதற்காக இதைப் பறித்து அதைத் திணிக்க வேண்டியதில்லை. ராத்திரி படுக்கப் போகுமுன் ஒரு கதைப் புத்தகத்திலிருந்து நான்கைந்து பக்கம் நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். பேச்சுத் தமிழுக்கு மாற்றாமல், அச்சில் உள்ளபடியே. அவன் கண்ணுக்குக் கடினமானதும் காதுக்கு எளிதாக இருக்கும். அப்புறம், நடுவில் நிறுத்தி 'இதுக்கு என்ன அர்த்தம், சொல்லு பார்ப்போம்' என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். மறுநாள் புத்தகத்தை எடுப்பதற்குள் தூங்கிவிட்ட மாதிரி நடிப்பான்.