சி.எஸ். பற்றிக் கேளுங்க

முன்னாள் மத்திய அமைச்சர் சி.சுப்பிரமணியம் (சி.எஸ்.) பற்றி நம் பக்கத்து நண்பர்கள் அனுப்பிய கேள்விகளும், பொள்ளாச்சியில் இருக்கும் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியரின் பதில்களும்.

உடுமலை: ஐயா, பசுமைப் புரட்சி யார் செய்தது? சி.எஸ்ஸா, எம்.எஸ்.சுவாமிநாதனா?

ஆராய்ச்சி போர்லாக், சுவாமிநாதன் போன்ற விஞ்ஞானிகளுடையது. அதை வயலுக்குக் கொண்டுபோன கையெழுத்து சி.எஸ்ஸுடையது. 1964இல் பிரதமர் சாஸ்திரி அவரிடம் உணவு, வேளாண்மைத் துறையைக் கொடுத்தபோது, அமெரிக்கத் தானியக் கப்பலை எதிர்பார்த்துத்தான் ரேஷன் கடைகள் ஓடின. உழவனுக்குக் கட்டுப்படியாகிற விலை கொடுக்காமல் விளைச்சல் கூடாது என்று மனுஷன் பிடிவாதமாக நின்றார். நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரிக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆனாலும் 1965இல் இந்திய உணவுக் கழகமும் வேளாண் விலைக் குழுவும் வந்தன. 1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதை இறங்கியது. டெல்லியில் தன் பங்களாப் புல்வெளியையே உழுது, அந்த ரகத்தை விதைத்துக் காட்டினார். யார் பெரியவர் என்று மட்டும் பட்டிமன்றம் வைக்காதீங்க.

தாராபுரம்: காமராஜரை எதிர்த்து நின்றார் என்கிறார்களே?

ஆமாங்க. 1954இல் ராஜாஜி விலகியதும் சட்டமன்றக் கட்சித் தலைவர் தேர்தலில் நின்றார், தோற்றார். தோற்றவரைக் கூப்பிட்டு நிதி இலாகாவைக் கொடுத்தார் காமராஜர். பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத் திட்டத்தில் (பி.ஏ.பி.) இரண்டு பேருக்கும் பங்கு உண்டு. இதிலும் பட்டிமன்றம் வேண்டாம்.

காங்கேயம்: பி.ஏ.பி.யில் எங்கள் மண்டலத்துக்கு எப்போது தண்ணீர் விடுவார்கள்?

நான் வாத்தியாருங்க. நீர்வளத் துறை ஆபீசில் கேளுங்க.

பல்லடம்: பசுமைப் புரட்சியின் தந்தை யார்?

உடுமலைக்காரருக்குச் சொன்னதைப் படிங்க.

கோபி: 1967இல் எங்கள் தொகுதியில் ஏன் தோற்றார்? 1965 ராஜினாமா நாடகம்தானே காரணம்?

நாடகம் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடாதீங்க, தம்பி. இந்தி எதிர்ப்புப் போராட்டம் உச்சத்தில் இருந்தபோது, பிப்ரவரி 11ஆம் தேதி அவரும் ஓ.வி.அளகேசனும் மத்திய அமைச்சர் பதவியை ராஜினாமா செய்தார்கள். இந்தி பேசாதவர்கள் விரும்பும்வரை ஆங்கிலம் இருக்கும் என்ற நேருவின் உறுதிமொழியைக் காப்போம் என்று அன்றைக்கே சாஸ்திரி வானொலியில் பேசினார். மறுநாள் இங்கே பொள்ளாச்சியில் போராட்டக்காரர்கள் மீது துப்பாக்கிச் சூடு. அதைப் பார்த்த ஊர் அவரை வேறு எப்படிப் பார்க்கும்? அதோடு அரிசிப் பஞ்சம். 'ரூபாய்க்கு மூன்று படி' அரிசி என்று சொல்லித் திமுக ஓட்டுக் கேட்ட தேர்தலில், உணவுத் துறையை வைத்திருந்தவர் எந்த முகத்தோடு ஓட்டுக் கேட்பார்? கோதுமைப் புரட்சி என்று 1968இல் தபால் தலை வந்தபோது அவர் எம்.பி.கூட இல்லை.

கோபி (மறுபடியும்): கொடுத்த ராஜினாமாவை வாபஸ் வாங்கினாரே!

வாங்கினார். உறுதிமொழி கிடைத்தபிறகு வாங்கினார். அவர் போயிருந்தால் அடுத்த வருஷம் விதைக் கப்பலுக்கு யார் மல்லுக்கட்டியிருப்பார்?

சூலூர்: கோபிக்காரர் சொல்வதுதான் சரி. எமர்ஜென்சியிலும் அவர்தானே நிதியமைச்சர்?

ஆமாம், 1974 முதல் 1977 வரை அவர்தான். அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். அதை 1965க்கு முடிச்சுப் போடாதீங்க.

திருப்பூர்: சுவாமிநாதனா, சி.எஸ்ஸா?

சாமி, விடுங்க.

அவிநாசி: மகாராஷ்டிர ஆளுநர் பதவியை ஏன் விட்டார்?

தனிப்பட்ட பேச்சில் பிரதமர் நரசிம்ம ராவைக் குறை சொன்னது பத்திரிகையில் வந்துவிட்டது. 1993இல் விலகினார். இந்த ராஜினாமாவை வாபஸ் வாங்கவில்லை, கோபித் தம்பி கவனிக்க.