ஏலத்தில் எடுத்த லூயி காலத்துக் கடிகாரம்: பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: புதுச்சேரியைச் சேர்ந்த நான் பாரிசில் வசிக்கிறேன். நாலு வருடத்துக்கு முன் இங்கே ஓர் ஏலத்தில், தங்க முலாம் பூசிய வெண்கலக் கடிகாரம் ஒன்றை 14,000 யூரோவுக்கு எடுத்தேன். 18-ம் நூற்றாண்டு பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயி காலத்தது என்று பட்டியலில் போட்டிருந்தார்கள். போன மாதம் சுத்தம் செய்யக் கொடுத்தபோது, உள்ளே இருக்கும் மெஷின் எப்படியும் 1850-க்குப் பிந்தியது என்கிறார் கடிகாரக்காரர். ஏல நிறுவனமோ, "பார்த்துத்தானே எடுத்தீர்கள்" என்கிறது.

பதில்: அந்தப் பேச்சைக் கேட்டு ஒதுங்கிவிடாதீர்கள். பட்டியலில் உள்ள அந்த வரியை மறுபடி படியுங்கள். பிரான்சில் 1981 மார்ச் 3-ம் தேதி ஆணைப்படி, பொருளின் பெயரை அடுத்து 'எப்போக் லூயி 16' (பதினாறாம் லூயி காலம்) என்று மட்டும் எழுதியிருந்தால், அது அந்தக் காலத்திலேயே செய்த பொருள் என்று வாங்குபவருக்குத் தரும் உத்தரவாதம். ஏதாவது ஒரு பாகம் பிற்காலத்தது என்றால் அதையும் சொல்லியாக வேண்டும். 'ஸ்டில் லூயி 16' (பதினாறாம் லூயி பாணி) என்றிருந்தால் மட்டும் உங்கள் வழக்கு பலவீனம். பாணியைச் சொன்னால் காலத்துக்கு உத்தரவாதம் இல்லை.

சரி, மெஷின் மாறியது எவ்வளவு பெரிய விஷயம்? லூயி காலத்தில் பெண்டுலம் பட்டு நூலில் தொங்கியது. பிறகு பலர் எஃகுப் பட்டையில் தொங்கும் மெஷினைப் பொருத்திக்கொண்டார்கள். டயலில் 12-க்கு மேலே வேகத்தைச் சரிசெய்யும் சின்னச் சாவித் துளை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பெரும்பாலும் அந்த வகைதான். மெஷின் மட்டும் மாறியிருந்தால் விற்பனையையே ரத்து செய்வார்கள் என்று நான் உறுதி சொல்லமாட்டேன். சொல்லாமல் விட்டதற்கு நஷ்டஈடு கேட்பதுதான் நடக்கக்கூடியது. வெண்கலமும் பிற்கால வார்ப்பு என்றால் நிலைமையே வேறு. பண்டைய எகிப்து மன்னர் மூன்றாம் செசோஸ்ட்ரிஸின் சிலை ஏலத்தில் விற்ற வழக்கில், பட்டியலில் போட்ட காலக் குறிப்பு தவறு என்று தெரிந்ததும் 2007-ல் பிரான்சின் உச்ச நீதிமன்றம் வாங்கியவர் பக்கம் நின்றது. வார்ப்பையும் முலாமையும் தனி நிபுணர் ஒருவர் பார்க்கட்டும். மின்சாரத்தால் பூசும் மின்முலாம் 1840-களில்தான் பரவியது, அது இருந்தால் பிற்கால வேலை என்று தோன்றும். ஆனால் பழைய வெண்கலத்துக்கும் பின்னால் மறுபடி முலாம் பூசியிருக்கலாம், அதனால் அதை மட்டும் நம்பாதீர்கள்.

எனக்குக் கவலை கெடுவைப் பற்றித்தான். விற்றவர்மேல் ரத்து வழக்குக்குத் தவறு தெரிந்த நாளிலிருந்து 5 ஆண்டு உண்டு. ஏல நிறுவனத்தின்மேல் நஷ்டஈடு கேட்கவோ, ஏலம் நடந்த நாளிலிருந்தே 5 ஆண்டு. உங்களுக்கு ஓராண்டுதான் மிச்சம். பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினால் கெடு நிற்காது. நீதிமன்றம் நிபுணரை நியமிக்கும்படி அவசர மனு போடுங்கள். அது கெடுவை நிறுத்தும். தொகை 10,000 யூரோவைத் தாண்டுவதால் வக்கீல் கட்டாயம்.

அதுவரை கடிகாரத்தில் யாரும் கை வைக்க வேண்டாம். பழுதுபார்ப்பு, மறுமுலாம் எதுவும் கூடாது. கடிகாரக்காரர் கண்டதை இன்றே எழுத்தில், படங்களோடு வாங்கிக்கொள்ளுங்கள்.