வைட்டமின் ஏ களிம்பு: மருந்துச் சீட்டு இல்லாமல் வாங்கலாமா?

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகளுக்கு முகப்பரு அதிகம். மருந்துக் கடையில் கேட்டபோது, "வைட்டமின் ஏ களிம்புதான், பயப்பட ஒன்றுமில்லை" என்று கூறி டிரெடினாயின் 0.05 சதவீத ட்யூப் ஒன்றைக் கொடுத்தார்கள். சீட்டு கேட்கவில்லை, பில்லும் தரவில்லை. தினமும் இரவில் முகம் முழுக்கத் தாராளமாகத் தடவினாள். இப்போது முகம் சிவந்து, தோல் உரிகிறது. என்ன செய்வது? புகார் கொடுக்க முடியுமா? (ஒரு தாய், மதுரை)

பதில்: களிம்பை இப்போதே நிறுத்துங்கள். எரிச்சல் அடங்கும்வரை வாசனை சேர்க்காத மாய்ஸ்சரைசரை மட்டும் தடவி, வெயிலில் அலையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முகம் வீங்கினாலோ, கொப்புளம் எழும்பி நீர் கசிந்தாலோ அன்றே தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அப்படி எதுவும் இல்லாவிட்டாலும், மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை அந்த ட்யூபை மீண்டும் திறக்க வேண்டாம்.

டிரெடினாயின் வைட்டமின் ஏ-யின் அமில வடிவம். மயிர்க்காலை அடைக்கும் செல்கள் ஒட்டிக்கொள்ளாமல் உதிரச் செய்து பருவைக் குறைக்கிறது. தோல் உரிவதும் இந்த வேலையோடு சேர்ந்து வருவதுதான். நல்ல மருந்துதான், ஆனால் அளவு தெரிந்து தடவ வேண்டியது. பெரும்பாலும் மருத்துவர்கள் 0.025 சதவீதத்தில், ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று தொடங்குவார்கள். முகத்தைக் கழுவித் துடைத்து, 20 முதல் 30 நிமிடம் ஈரம் நன்றாகக் காய்ந்த பிறகு, ஒரு பட்டாணி அளவை எடுத்து முகம் முழுவதற்கும் மெல்லியதாகப் பரப்ப வேண்டும். பரு இருக்கும் இடத்தில் மட்டும் கெட்டியாக அப்பக்கூடாது. கண்ணோரம், மூக்கு மடிப்பு, உதட்டோரம் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். வெளிச்சத்தில் சிதையும் மருந்து என்பதால் இரவில்தான் தடவ வேண்டும். பகலில் எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன் அவசியம். மருத்துவர் சொல்லாமல், பருவுக்குப் பூசும் இன்னொரு மருந்தான பென்சாயில் பெராக்சைடை இதோடு சேர்த்துப் பூசக்கூடாது. முகத்தில் த்ரெட்டிங், வேக்சிங் செய்வதையும் நிறுத்திவைக்க வேண்டும். முதல் சில வாரங்களில் பரு கூடியதுபோலத் தெரியலாம். பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். பொறுமையிழந்து அளவைக் கூட்டுபவர்களுக்குத்தான் முகம் இப்படிப் புண்ணாகிறது.

புகாருக்கு வருவோம். டிரெடினாயின் 'எச்' அட்டவணையில், அதாவது மருத்துவர் சீட்டுக்கு மட்டுமே விற்க வேண்டியவை என்று அரசு வகுத்த பட்டியலில், உள்ள மருந்து. ட்யூபின் மேல் ஆர்எக்ஸ் (Rx) குறியும், பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டுக்கே சில்லறையில் விற்க வேண்டும் என்ற எச்சரிக்கையும் இருப்பதைப் பாருங்கள். சீட்டில்லாமல் விற்றது விதிமீறல். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுக்கலாம்; நுகர்வோர் உதவி எண் 1915-லும் வழி கேட்கலாம். பில் இல்லாததால் அந்தக் கடையில்தான் வாங்கினீர்கள் என்று காட்டுவது கடினமாகும். ஆகவே ட்யூபையும் அட்டைப் பெட்டியையும் தூக்கிப் போடாதீர்கள். மருந்தின் தொகுதி எண் (பேட்ச் நம்பர்) அவற்றில்தான் இருக்கிறது. பக்கவிளைவை 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் பதிவு செய்யுங்கள். நோயாளியின் குடும்பத்தாரே பதிவு செய்யலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

கேள்வி: மங்குக்குப் பக்கத்து வீட்டு அக்கா ஒரு களிம்பு தந்தார். ஒரே வாரத்தில் முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. தொடரலாமா?

பதில்: தயவுசெய்து தொடராதீர்கள். ட்யூபில் பொடி எழுத்தில் இருக்கும் சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். டிரெடினாயினோடு ஹைட்ரோகுயினோன் (தோலின் நிறத்தை வெளுக்கச் செய்வது), மொமெட்டசோன் என்ற பெயர்களும் இருந்தால், அது மூன்று மருந்துகள் சேர்ந்த களிம்பு. மொமெட்டசோன் ஒரு ஸ்டீராய்டு. மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, ரத்த நாளங்கள் வெளியே தெரியும். முகத்தில் முடி வளரும். நிறுத்தினால் சிவப்பும் எரிச்சலும் திரும்பி வரும். இந்தச் சீரழிவைப் பார்த்துத் தோல் மருத்துவர்கள் தொடர்ந்து குரல் கொடுத்த பின்னரே, 2018-இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை மருந்துச் சீட்டுக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. நீண்ட நாள் பூசியிருந்தால் தானாக நிறுத்தாமல், ட்யூபையே எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: பருவுக்கு ஐசோடிரெடினாயின் மாத்திரை சாப்பிடுகிறேன். அடுத்த மாதம் எனக்குத் திருமணம்.

பதில்: இன்றே உங்கள் மருத்துவரிடம் திருமணத் தேதியைச் சொல்லுங்கள். இந்த மாத்திரை கருவில் உள்ள குழந்தைக்குக் கடுமையான ஊனத்தை உண்டாக்கும். சாப்பிடும் காலத்திலும், கடைசி மாத்திரைக்குப் பின் ஒரு மாதம்வரையிலும் கருத்தரிக்கவே கூடாது. ரத்த தானமும் செய்யக்கூடாது. தனியாக வைட்டமின் ஏ மாத்திரை எடுத்தால் நச்சுத்தன்மை கூடும். டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக்கை இதோடு சேர்த்துச் சாப்பிட்டால் மூளையைச் சுற்றிய அழுத்தம் உயரலாம் என்பதால், வேறு நோய்க்கு வேறு மருத்துவரைப் பார்க்கும்போதும் இந்த மாத்திரையின் பெயரை மறக்காமல் சொல்லுங்கள். மீதமுள்ள மாத்திரைகளைத் தங்கைக்கோ தோழிக்கோ கொடுத்துவிட வேண்டாம்.