கண், கால், கை: பிசியோதெரபிஸ்டிடம் கேள்வி பதில்

சென்னையில் முப்பது வருடமாக பிசியோதெரபி பார்க்கிறேன். முன்பு மூட்டு தேய்ந்தவர்கள்தான் அதிகம் வருவார்கள். இப்போது இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே ஏதோ ஒரு விதத்தில் ஸ்கிரீன் பற்றியவை.

சோழிங்கநல்லூரில் வீட்டிலிருந்தே வேலை. மளிகை, சாப்பாடு எல்லாம் வாசலுக்கே வருகிறது. மூன்று நாள் செருப்பே போடாமல் இருந்திருக்கிறேன். தினமும் ட்ரெட்மில்லில் அரை மணி நேரம் நடக்கிறேன். போதாதா மேடம்?

இதயத்துக்குப் போதும் தம்பி. வாரம் 150 நிமிடம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதைத் தாண்டிவிட்டீர்கள். ஆனால் ட்ரெட்மில்லில் அடுத்த அடி எப்படி இருக்கும் என்று காலுக்கு முன்பே தெரியும். தெருவில் அப்படியா? பெயர்ந்த பிளாட்பாரக் கல், குறுக்கே படுத்திருக்கும் நாய், எதிர்த்திசையில் வரும் பைக். கண்ணும், உடம்பின் சமநிலையையும் அசைவையும் உணரும் உள்காதும், கணுக்காலும் ஒன்றையொன்று விசாரித்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பழக்கம் விட்டுப்போனால் வயதான காலத்தில்தான் அதன் விலை தெரியும்.

புதிதாக ஒரு பயிற்சி தேடாதீர்கள். ஆப்பிடம் ஒப்படைத்த வேலைகளில் ஒன்றைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். காய்கறி என்று வைத்துக்கொள்வோம். கத்தரிக்காயை அழுத்திப் பார்த்து, வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்த்து (கடைக்காரர் முறைக்காத அளவுக்கு), பையைத் தூக்கிக்கொண்டு வீடு வந்து சேருங்கள். பிடி, தோள், முதுகு எல்லாவற்றுக்கும் வேலை கிடைத்துவிடும்.

வேளச்சேரி. ஆறு வயதுப் பையன், இன்னும் கண்ணாடி போடவில்லை. எனக்கும் கணவருக்கும் மைனஸ் பவர். பிள்ளையை வெளியே விடச் சொல்கிறார்கள். பால்கனி போதுமா?

இல்லாததற்குப் பால்கனி பரவாயில்லை. வெளிச்சத்துக்குத்தான் இங்கே மதிப்பு. ட்யூப்லைட் போட்ட அறையில் சில நூறு லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு) தான் இருக்கும். பகலில் வெளியே மர நிழலில்கூட பல ஆயிரம் கிடைக்கும். அந்த வெளிச்சத்தில் விழித்திரையில் டோபமைன் என்ற ரசாயனம் சுரந்து, மைனஸ் பவருக்குக் காரணமாகும்படி கண் நீளவாக்கில் வளர்வதை மட்டுப்படுத்துகிறது என்பதுதான் இப்போதைய விளக்கம். சீனாவின் குவாங்சோவில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு தினமும் 40 நிமிடம் வெளி வகுப்பு கூடுதலாக வைத்துப் பார்த்தார்கள். மூன்று வருடம் கழித்து, அந்தப் பிள்ளைகளில் சுமார் 30 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை, அதாவது மைனஸ் பவர். வழக்கம்போல் படித்தவர்களில் 40 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு. 2015இல் வெளியான முடிவு இது. பவர் வந்தபின் வெயிலில் விளையாடி அதைப் போக்க முடியாது, அதனால் இப்போதே மாடிக்காவது அனுப்புங்கள். உச்சி வெயில் வேண்டாம், மாலை நான்கரைக்கு மேல் போதும். கண் டாக்டரிடம் வருடம் ஒரு முறை காட்டிவிடுங்கள்.

மயிலாப்பூர், வயது 71. பேத்தி நியூஜெர்சியில். தினமும் வீடியோவில் பார்க்கிறேன், ஆனாலும் ஏதோ குறைகிறது. இது மனப்பிரமையா அம்மா?

பிரமை இல்லை ஐயா. முன்கை, முதுகு போன்ற இடங்களில் தோலுக்குள் ஒரு வகை நரம்பிழை இருக்கிறது. மெதுவாகத் தடவினால்தான் அது நன்றாக விழிக்கும், நொடிக்கு ஒன்று முதல் பத்து சென்டிமீட்டர் வேகத்தில். பிள்ளையின் முதுகை நாம் தடவிக்கொடுக்கும் வேகம் ஏறக்குறைய அதுதான். எவ்வளவு நல்ல கேமராவாலும் அந்த இழையைத் தொட முடியாது.

அடுத்த அழைப்பில் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காமல், நீங்கள் இங்கே, பேத்தி அங்கே, ஒரே நேரத்தில் சப்பாத்தி மாவு பிசைந்து பாருங்கள். தொடுவதற்கு இது ஈடாகாதுதான், ஆனால் இரண்டு பேர் கையிலும் ஒரே பிசுபிசுப்பு இருக்கும். மாலையில் நாகேஸ்வர ராவ் பூங்காவுக்குப் போங்கள். தோளில் தட்டிப் பேசும் ஒரு நண்பர் கிடைத்தால் விடாதீர்கள்.

மின் இணைப்பின் எர்த் கம்பியோடு சேர்த்துப் படுக்கும் ‘எர்த்திங்’ பாய் வாங்கலாமா? நில மின்சாரம் உடம்பில் ஏறுமாமே?

வாங்க வேண்டாம். பெசன்ட் நகர் மணலில் வெறுங்காலோடு நடந்தால் பாதத்தின் சிறு தசைகளுக்கு நல்ல வேலை, அது இலவசம். சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்கள் மட்டும் செருப்பைக் கழற்றாதீர்கள். கண்ணாடிச் சில்லு குத்தியதே தெரியாமல் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கண்ணில் மாட்டிக்கொண்டு படத்துக்குள்ளேயே இருப்பதுபோல் பார்க்கும் விஆர் ஹெட்செட் போட்டால் குமட்டுகிறது.

நகர்கிறோம் என்கிறது கண், இல்லை என்கிறது உள்காது. கழற்றி வைத்துவிட்டு தூரத்தில் ஏதாவது அசையாத பொருளைப் பாருங்கள்.

ஒரு ராத்திரியாவது போனை எடுக்காமல் இருக்க சென்னையில் இடம் உண்டா அக்கா?

உண்டு. ஜனவரி முதல் மார்ச் வரை வார இறுதி இரவுகளில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஆமை நடை. 1988 முதல் மாணவர்கள் நடத்துகிறார்கள். பங்குனி ஆமை முட்டையிட்ட தடத்தை மணலில் தேடி, முட்டைகளைப் பத்திரமான இடத்துக்கு மாற்றுவார்கள். டார்ச், போன் வெளிச்சம் எதுவும் கூடாது, ஆமை மிரண்டு திரும்பிவிடும். கொஞ்ச நேரத்தில் கண் இருட்டுக்குப் பழகிவிடும். ஈர மணலில் ஆறேழு கிலோமீட்டர் என்பதால் மறுநாள் கெண்டைக்கால் கடுக்கும். அதற்காக என்னிடம் வர வேண்டாம், வெந்நீர் போதும்.