மழை வெள்ளத்தில் கழிவறை வழியாகச் சாக்கடைத் தண்ணீர் வீட்டுக்குள் ஏறுகிறது. கிராமத்தில் இதை எப்படிச் சமாளிப்பது?

எங்கள் வீட்டில் இதேதான் நடந்தது. 2024 டிசம்பர் 2-ஆம் தேதி ராத்திரி, ஆறு எங்கள் வாசற்படியைத் தொடுவதற்கு மூன்று மணி நேரம் முன்பே கக்கூஸ் வழியாகத் தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. அப்போது என்ன செய்தோம், எதில் தவறினோம், அப்புறம் எதை மாற்றிக் கட்டினோம் என்று விவரமாகவே எழுதுகிறேன்.

கடலூருக்கு வடக்கே, தாழங்குடா பக்கம் தென்பெண்ணையாறு கடலில் சேருகிறது. குண்டு உப்பலவாடி, நாணமேடு, உச்சிமேடு என்று அந்தச் சுற்றுவட்டாரத்தில் இருக்கிற சின்ன ஊர்களில் ஒன்றுக்குத்தான் நான் வாக்கப்பட்டு வந்தேன். பிறந்த ஊர் பண்ருட்டிப் பக்கம், செம்மண் மேடு. அங்கே மழை பெய்யும், ஓடிவிடும். இங்கே மணல் பூமி. கோடையில் பத்தடி தோண்டினால் தண்ணீர் ஊறும், கார்த்திகையில் இரண்டடியிலேயே ஊறும். பாதாளச் சாக்கடை கிடையாது, வீட்டுக்கு வீடு தனித் தொட்டி. பாதி வீடுகளில் தொட்டிகூட இல்லை. நாலைந்து சிமெண்ட் உறையை மண்ணில் இறக்கி, மேலே பலகைக்கல் போட்டு மூடிய குழிதான். அடியில் தளம் இருக்காது. தூய்மை இந்தியா திட்டத்தில் 12,000 ரூபாய் மானியம் வாங்கிக் கட்டியவை எங்கள் தெருவில் எல்லாம் இந்த வகைதான்.

ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி அருகே கரையேறி, நகராமல் அங்கேயே நின்று கொட்டியது. புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 48 சென்டிமீட்டருக்கு மேல் மழை. எங்கள் ஊரும் நனைந்தது, மரங்கள் விழுந்தன, ஆனால் தண்ணீர் வீட்டுக்குள் வரவில்லை. மழை விட்டதும் பிழைத்தோம் என்றுதான் நினைத்தோம். புயல் அதற்குள் மேற்கே போய், கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. அந்தத் தண்ணீரெல்லாம் வந்து விழுகிற இடம் தென்பெண்ணையாற்றில் இருக்கிற சாத்தனூர் அணை. டிசம்பர் 2 விடியற்காலையில் அங்கிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி திறந்துவிட்டார்கள். கீழே இருப்பது நாங்கள். அதோடு கார்த்திகை அமாவாசைக்கு மறுநாள் அது. முகத்துவாரத்தில் கடல் பொங்கி நின்றது. "கடல் தண்ணிய வாங்கல" என்று மீன்பிடிக்கிற ஜனங்கள் சொல்லிக்கொண்டே வந்தார்கள். கடல் வாங்காவிட்டால் ஆறு ஊருக்குள்தான் திரும்பும்.

எங்களுக்கு முதலில் தகவல் சொன்னது கக்கூஸ்தான். மத்தியானத்திலிருந்தே வாளித் தண்ணீர் ஊற்றினால் சட்டென்று இறங்காமல் சுழன்று நின்றது. சாயங்காலம் யாரும் உள்ளே இல்லாதபோதே கோப்பைக்குள் களக், களக் என்று சத்தம். கீழே குழி நிரம்பி, குழாயில் இருக்கிற காற்றைத் தள்ளுகிற சத்தம் அது. இந்தச் சத்தத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அது கேட்டால் உங்களுக்குச் சில மணி நேரம்தான் இருக்கிறது. அரிசி, பத்திரம், குடும்ப அட்டை, பிள்ளைகளின் புத்தகம் எல்லாவற்றையும் பரணுக்கு ஏற்றுகிற நேரம் அதுதான்.

என் மாமியார் 1972 வெள்ளத்தைப் பார்த்தவர். 2015-லும் 2021 நவம்பரிலும் ஊர் முழுகியபோது இதே வீட்டில் இருந்தவர். அவர்தான் யூரியா சாக்கை வெட்டச் சொன்னார். தடித்த பாலித்தீன் கவரில் ஈர மணலை முக்கால்வாசி நிரப்பி, வாயைக் கட்டி, சாக்குத் துணியால் சுற்றி, கோப்பையின் குழிக்குள் அழுத்தினோம். முழுக்க நிரப்பினால் மூட்டை விறைப்பாகி இடுக்கில் பொருந்தாது. தளர்வாக இருந்தால்தான் கோப்பையின் வடிவத்துக்கு மணல் நெகிழ்ந்து உட்காரும். அதன்மேல் இன்னொரு மூட்டை, அதற்கும் மேல் பாரத்துக்கு அம்மிக்கல். அத்தையே அம்மியைக் காட்டி, "தூக்கும்மா, வேற எதுக்கு வச்சிருக்கோம்" என்றார்.

அந்த அடைப்பு நின்றது. ஆனால் பக்கத்தில் குளிக்கிற அறையின் தண்ணீர் போகும் ஓட்டையை மறந்துவிட்டோம். அதுவும் அதே குழிக்குத்தான் போகிறது, கோப்பையைவிட அரையடி தாழ்வாகவும் இருக்கிறது. கோப்பையில் வழியில்லாத தண்ணீர் அந்த ஜல்லடையைத் தள்ளிக்கொண்டு வந்தது. கறுப்பாக, நுரையோடு. என் இளைய மகள் தூங்கிக்கொண்டிருந்த பாய் வரைக்கும் வந்த பிறகுதான் டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். ஆகவே அடைப்பதாக இருந்தால் வீட்டில் மிகத் தாழ்வான ஓட்டையிலிருந்து ஆரம்பியுங்கள்: குளியலறை, பாத்திரம் விளக்குகிற தொட்டி, துணி துவைக்கிற கல்லடி, கடைசியாகக் கக்கூஸ். ஒன்றை விட்டாலும் மற்றதை அடைத்த உழைப்பு வீண்.

வெள்ளம் வடிந்த பிறகு உச்சிமேட்டிலிருந்து ஒரு கொத்தனாரைக் கூட்டி வந்தோம். அவர் குழியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. லெவல் பார்க்கிற டியூபில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையைச் சுவரில் வெள்ளம் விட்டுப்போன சேற்றுக் கோட்டில் என்னைப் பிடிக்கச் சொல்லி, மறுமுனையைக் கக்கூஸுக்குள் கொண்டுபோனார். கோப்பையின் வாய் அந்தக் கோட்டுக்கு ஒன்றேகால் அடி கீழே இருந்தது. "தண்ணி அதோட மட்டத்துக்கு வந்துதாங்க்கா நிக்கும். நீங்க மூட்டைய வச்சா வேற வழியா வரும். கோப்பைய கோட்டுக்கு மேல தூக்குங்க, அதுவா அடங்கும்" என்றார். பிறகு டியூபைத் தெருவுக்குக் கொண்டுபோனார். வீடு கட்டும்போது தெருவைவிட இரண்டடி உயரத்தில் இருந்த தரை இப்போது அரையடிதான் உயரம். பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன்மேலேயே மூன்று முறை ரோடு போட்டிருக்கிறார்கள். வீடு இறங்கவில்லை, ஊர் ஏறிவிட்டது.

என் பதிலில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் அந்தக் கோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஊரில் பெரியவர்களைக் கேட்டு, இதுவரை வந்ததிலேயே உயரமான வெள்ளம் எதுவரை நின்றது என்று சுவரில் குறியுங்கள். கோப்பை, குளியலறைத் தரை, தொட்டியின் மூடி மூன்றும் அதற்கு மேலே வர வேண்டும். நாங்கள் பழைய கக்கூஸை விட்டுவிட்டு, வீட்டுக்குப் பின்னால் இரண்டே முக்கால் அடி மேடை எழுப்பி ஐந்து படி வைத்துக் கட்டினோம். அத்தைக்கு முழங்கால் வலி என்பதால் இரண்டு பக்கமும் இரும்புக் குழாயில் கைப்பிடி. அடியில் தளம் போட்டுப் பூசிய தொட்டி, மேலே வலை கட்டிய காற்றுக் குழாய். கிணற்றிலிருந்து 33 அடிக்கு மேல் தள்ளி வைத்தோம். பத்து மீட்டராவது இடைவெளி வேண்டும் என்பதுதான் பொதுவாகச் சொல்கிற கணக்கு. இப்போது கடும் மழையில் தண்ணீர் மெதுவாகத்தான் இறங்குகிறது, ஆனால் மேலே வருவதில்லை.

இவ்வளவு செலவு செய்ய முடியாதவர்கள் தொட்டிக்குப் போகிற குழாயில் 'நான்-ரிட்டர்ன் வால்வு' (non-return valve) வைக்கலாம். தண்ணீர் ஒரு பக்கமாக மட்டும் போகும், திரும்பி வந்தால் உள்ளே இருக்கிற தகடு மூடிக்கொள்ளும். கையெட்டுகிற சின்னத் தொட்டிக்குள் வைத்து, புரட்டாசியில் ஒருமுறை திறந்து கழுவ வேண்டும். தகட்டில் துணியோ முடியோ சிக்கினால் மூடாது. அது மூடியிருக்கும் நேரத்தில் வீட்டுத் தண்ணீரும் வெளியே போகாது என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு, குளிப்பதையும் துவைப்பதையும் நிறுத்திவிடுங்கள்.

வெள்ளம் நிற்கும்போதே லாரியைக் கூப்பிட்டு உறிஞ்சச் சொல்லாதீர்கள். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் அப்படிச் செய்தார்கள். நாலாயிரம் ரூபாய் கொடுத்து உறிஞ்சிய குழி மறுநாள் காலையில் மறுபடி நிரம்பியிருந்தது, சுற்றியிருந்த மண் சரிந்து இரண்டு உறை விலகிவிட்டது. பிளாஸ்டிக் தொட்டியாக இருந்தால் காலியானதும் நிலத்தடி நீர் அதை மேலே தூக்கிவிடும். ஆவணியிலேயே சுத்தம் செய்து, பாதியளவாவது நல்ல தண்ணீர் ஊற்றி வைப்பதுதான் சரி. எக்காரணம் கொண்டும் ஆளை உள்ளே இறக்காதீர்கள். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அந்தக் காற்று ஆளை விடாது.

காற்று என்றதும் பாதாளச் சாக்கடை இருக்கிற ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. 2024 ஜூன் 11-ஆம் தேதி புதுச்சேரி ரெட்டியார்பாளையம் புதுநகரில் சாக்கடையின் விஷவாயு வீட்டுக் கழிவறை வழியாக வந்து மூன்று பேர் இறந்துபோனார்கள். ஒரு வெள்ளமும் இல்லாத நாளில். கோப்பைக்கு அடியில் வளைந்த குழாயில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்க வேண்டும். அந்தத் தண்ணீர்தான் காற்றுக்குப் பூட்டு. அழுகிய முட்டை நாற்றம் வந்தால் உள்ளே போய்ப் பார்க்காதீர்கள், எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள். நாற்றம் திடீரென்று நின்றுவிட்டால் ஆபத்து போய்விட்டது என்றும் அர்த்தமில்லை. அந்த வாயு அதிகமானால் மூக்கு மரத்துப்போகும்.

சரி, கக்கூஸே போய்விட்டால்? இதைப்பற்றி யாரும் பேசுவதில்லை என்பதுதான் எனக்குப் பெரிய ஆதங்கம். வெள்ளத்தில் வீட்டை விட்டு வெளியேறி மூன்று நாள் ஒரு தங்குமிடத்தில் இருந்தோம். அங்கே நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்கு இரண்டே கழிவறை. அதிலும் ஒன்று முதல் நாளே அடைத்துக்கொண்டது. சாப்பாடு நேரத்துக்கு வந்தது, தண்ணீர் பாக்கெட் வந்தது. பெண்கள் எதையும் குடிக்கவில்லை. குடித்தால் போக வேண்டுமே. பக்கத்து வீட்டுப் பெரியம்மா சர்க்கரை நோயாளி, அவர் படுகிற பாட்டைப் பார்க்க முடியவில்லை. விடியும் முன் நாலு பேர் சேர்ந்து ஆற்றங்கரை மேட்டுக்குப் போய், புடவையை விரித்துப் பிடித்து ஒருவருக்கொருவர் மறைவு கொடுத்தோம். எனக்கு மாதவிலக்கு நாள் வேறு.

இப்போது எங்கள் வீட்டுப் பரணில் மூடி போட்ட இருபது லிட்டர் பெயிண்ட் வாளி ஒன்று எப்போதும் இருக்கும். உள்ளே இரண்டு பெரிய கவர், ஒரு மூட்டை அடுப்புச் சாம்பல், நாப்கின் பொட்டலம், ஒரு பழைய போர்வை. ஒவ்வொரு முறையும் மேலே இரண்டு கை சாம்பல் தூவினால் வாடை அடங்கும், ஈ வராது. மரத்தூளும் சுண்ணாம்புத்தூளும் ஆகும். வயதானவர்களுக்கு நடுவில் வட்டமாக வெட்டிய பிளாஸ்டிக் நாற்காலியை வாளிக்கு மேல் போட்டுவிடலாம். தண்ணீர் வடிந்ததும் கிணற்றிலிருந்து தூரமாக, மேட்டில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு, கவரைத் தனியாக எடுத்துவிட வேண்டும். மழைக்கு முன் வீட்டில் மெழுகுவத்தி வாங்கி வைக்கிறோம் இல்லையா, அதைப்போல இதையும் வைத்துக்கொள்ளுங்கள்.

வடிந்த பிறகு சுத்தம் செய்வது பற்றிச் சுருக்கமாக. சேறு காய்வதற்குள் வழித்துவிடுங்கள். முதலில் சோப்புத் தண்ணீரில் தேய்த்து, அப்புறம் பிளீச்சிங் பவுடர் கரைசல். சேற்றின்மேலேயே பவுடரைத் தூவினால் வேலை செய்யாது. பிளீச்சிங்கோடு கக்கூஸ் கழுவும் ஆசிட்டைச் சேர்க்கவே கூடாது, மூச்சை அடைக்கிற வாயு வரும். இலவம்பஞ்சு மெத்தை, நனைந்த அரிசி மாவு, மசாலா எதையும் வைத்துக்கொள்ள ஆசைப்படாதீர்கள். காலில் வெட்டுக்காயம் இருப்பவர் அந்தத் தண்ணீரில் இறங்க வேண்டாம். பிறகு காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் வெள்ளத்தில் நின்றதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள், எலிக்காய்ச்சலாக இருக்கலாம். கிணற்றையும் அடிபம்பையும் சுகாதாரத் துறை ஆட்கள் குளோரின் போட்டுச் சரி என்று சொல்லும்வரை தளதளவென்று கொதித்த தண்ணீரைத்தான் குடிக்க வேண்டும்.

ஒரு வீடு மட்டும் உயர்ந்தால் போதாது என்பதையும் பார்த்துவிட்டோம். எங்கள் கோப்பை மேலே போனது, எதிர்வீட்டுக் குழி பொங்கினால் அந்தத் தண்ணீர் எங்கள் வாசலில்தான் நிற்கிறது. அதனால் கொத்தனாரின் டியூபை இரவல் வாங்கி, நானும் சுய உதவிக் குழுப் பெண்கள் மூன்று பேரும் தெரு முழுக்க அளந்தோம். வீட்டுக்கு வீடு கோட்டுக்கு எத்தனை அங்குலம் கீழே என்று ஒரு நோட்டில் எழுதி, தண்ணீர் நாளுக்கான கிராமசபையில் வைத்தோம். பழைய ரோட்டைச் சுரண்டாமல் புது ரோடு போடக் கூடாது, கடலுக்குப் போகிற வடிகால் ஓடையை மழைக்கு முன் நூறு நாள் வேலையில் தூர் வார வேண்டும், தங்குமிடத்தில் பெண்களுக்கு உயரமான கழிவறை தனியாக வேண்டும் என்று கேட்டோம். ஓடை தூர் வாரியாகிவிட்டது. மற்ற இரண்டுக்கும் ஒவ்வொரு கிராமசபையிலும் அதே நோட்டை எடுத்துக்கொண்டு போகிறோம். இன்னும் பதினோரு வீடுகள் கோட்டுக்குக் கீழே இருக்கின்றன.

உங்கள் ஊர் மணலா, களிமண்ணா, குழி எத்தனை உறை ஆழம் என்று கீழே எழுதுங்கள். கொத்தனாரைக் கேட்டுச் சொல்கிறேன்.