‘எல்லாரும் வேப் அடிக்கிறாங்க’ என்கிறான் மகன்: முகாமுக்கு அனுப்பலாமா?

கேள்வி: மகன் இரண்டாம் படிவம். “கிளாஸ்ல எல்லாரும் வேப் அடிக்கிறாங்கம்மா, நான் மட்டும்தான் இல்ல” என்கிறான். பள்ளி வாசலில் ஒருவர் 350 ரிங்கிட்டுக்கு மூன்று நாள் ‘போதை விழிப்புணர்வு முகாம்’ என்று தாள் கொடுத்தார். அனுப்பலாமா? – ஒரு தாயார், பிறை, பினாங்கு

பதில்: பணம் பையிலேயே இருக்கட்டும்மா. அந்த ‘எல்லாரும்’தான் நம் வேலை. 2022 தேசிய சுகாதார ஆய்வில், 13 முதல் 17 வயதினரில் வேப், அதாவது மின்சிகரெட், பிடிப்பவர்கள் 14.9 விழுக்காடு. 2017இல் 9.8, கூடியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனாலும் நூற்றுக்கு எண்பத்தைந்து பேர் பிடிப்பதில்லை. புகை விடுகிறவன் கண்ணில் படுவான். கேண்டீனில் மீ கோரேங் சாப்பிட்டுப் போகிறவனை யார் எண்ணுவது?

ஒரு பள்ளியில் பெயரில்லாத துண்டுச் சீட்டில் இரண்டு கேள்வி கேட்டேன். நீ பிடிக்கிறாயா? வகுப்பில் எத்தனை பேர் பிடிப்பதாக நினைக்கிறாய்? பிஸ்கட் டின்னில் விழுந்த சீட்டுகளில் ‘இல்லை’ என்று எழுதியவனே கீழே ‘பாதிப் பேர்’ என்றும் எழுதியிருந்தான். கணக்கைப் பலகையில் போட்டதும் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தார்கள். உங்கள் பள்ளிக் கவுன்செலர் ஆசிரியரிடம் இதைக் கேளுங்கள், ஒரு பாடவேளை போதும். பாரம் நிரப்பவே நேரமில்லை என்பார், பாவம், உண்மைதான். மண்டையோட்டு பேனர் கட்ட மட்டும் பள்ளிக்கு நேரம் கிடைத்துவிடுகிறது!

முகாம்காரர்களிடம் எச்சரிக்கை. அழுகிய நுரையீரல் படம், ஓர் அழுகைக் கதை, கடைசியில் சான்றிதழ். பிடிக்காத பிள்ளையைப் பிடிக்கிறவர்களோடு மூன்று நாள் தங்கவைத்தால் அவன் யாரிடம் என்ன கற்பான்? இன்னும் சிலர் சிறுநீரில் போதை பார்க்கும் சோதனைப் பட்டையைக் காட்டி, “சிக்கிட்டான், மூணு மாசம் எங்க இல்லத்துல விடுங்க” என்பார்கள். வழக்கமான போதைப் பட்டையில் வேப்பில் இருக்கும் நிக்கோட்டின் தெரியவே தெரியாது. கையெழுத்துப் போடாதீர்கள்.

ஒன்று மட்டும் வேறு. வேப் இழுத்தபின் பிள்ளை தள்ளாடினால், உளறினால், வலிப்பு வந்தால், அது வெறும் நிக்கோட்டினாக இராது. செயற்கைக் கஞ்சா கலந்த திரவமும் விற்கிறார்கள். அப்போது பள்ளியையோ என்னையோ தேடாதீர்கள். திட்டவும் வேண்டாம். 999 கூப்பிடுங்கள், அல்லது அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள். அந்த வேப்பையும் கையோடு எடுத்துப் போங்கள். மானம் போகுமே என்று விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

2024 அக்டோபரிலிருந்து 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு வேப் விற்பது குற்றம். பிறகும் பள்ளிப் பையில் எப்படி வருகிறதாம்? அமலாக்கம் பண்ணுகிறவர்கள்தான் சொல்ல வேண்டும்.

இன்றிரவு மகனிடம் பெயர்கள் கேட்காதீர்கள், காட்டிக்கொடுக்கச் சொல்வதாக நினைப்பான். எத்தனை பேர் என்று மட்டும் விரல்விட்டு எண்ணச் சொல்லுங்கள்.